நெஞ்சுச் சோதனை

1927ஆம் வருஷம் மே மாதம் பரீட்சை முடிவு வந்த அன்று, ஜபருல்லா சூலியா தெருவில் தன் வாப்பாவின் கடையில் கப்பல் கயிறு அளந்துகொண்டிருந்தான். முடிவைக் கொண்டு ஓடி வந்தவன் கூடப் படித்த நல்லமுத்துவேதான். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் இருமல் வந்தது. அது அடங்கின பிறகு சொன்னான்.

"நான் முதல். நீ ரெண்டாவது. நடுவுல பதினோரு மார்க்குதான் ஜபரு."

ஜபருல்லா கயிற்றைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பொய்யாகக் கட்டிப்பிடிக்கவில்லை. இரண்டாவது என்ற சொல் உள்ளே எங்கேயோ சுருக்கென்று குத்தியது உண்மை. ஆனால் அந்தக் கணத்தில் சந்தோஷந்தான் பெரிதாக இருந்தது.

அந்தப் பரீட்சையில் கிடைக்கிற உபகாரச் சம்பளத்தைப் பற்றி பினாங்கில் இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். மெர்ட்டன் என்ற தோட்டத்துரை சாகும்போது எழுதிவைத்துவிட்டுப் போனது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, தீவில் பிறந்த ஒரே ஒரு பையனை எடின்பரோவுக்கு அனுப்பி டாக்டருக்குப் படிக்கவைப்பார்கள். இருபது வயதுக்கு மேல் ஒருநாள் ஆகியிருந்தாலும் பரீட்சை எழுத விடமாட்டார்கள். முதலில் வந்தவன் உடம்புச் சோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் இரண்டாவது வந்தவன் போவான். அதுவரை போனவர்கள் சீனத் தௌக்கே முதலாளிமார் வீட்டுப் பிள்ளைகளும், வெள்ளைக்காரக் கலப்புள்ள இரண்டு சட்டைக்காரப் பிள்ளைகளுந்தான். தமிழன் ஒருவன்கூடப் போனதில்லை.

இப்போது போகப்போகிறவன் வண்ணான் துறையில் பிறந்தவன். அப்பன் அய்யாக்கண்ணு இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா வடிவம்மாள் ஓடையில் துவைத்து, வெள்ளாவி வைத்து, மூட்டை சுமந்து அவனைப் படிக்கவைத்தாள். எந்த வீடுகளில் அவளை வாசற்படிக்கு வெளியே நிறுத்தி அழுக்குத் துணியைத் தூக்கிப் போட்டார்களோ, அந்த வீட்டுப் பெரிய மனிதர்களே தண்ணீர்மலைக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு அவள் மகனுக்கு மாலை போட்டார்கள். அவள் கூட்டத்துக்குப் பின்னால் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தாள். முன்னால் வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஜபருல்லாதான் போய்க் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தான்.

மூன்றாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு. முப்பது பேர் இருந்த வகுப்பில் தமிழர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். வாத்தியார்கள் ஒருவன் பெயரைச் சொல்லி மற்றவனைக் கூப்பிடுவார்கள். முதலில் திருத்திப் பார்த்தார்கள். பிறகு யார் பெயரைக் கூப்பிட்டாலும் பதில் தெரிந்தவன் எழுந்து நின்றுவிடுவது என்று ஆகிவிட்டது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

ஜபருல்லாவின் வாப்பா ஷேக் அலாவுதீனுக்கு மகன் இரண்டாவதாக வந்ததில் உள்ளூர நிம்மதி. கப்பல்களுக்குக் கயிறு, தார், பாய்த்துணி கொடுக்கிற கடை அது. ஒரே மகன் சீமைக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது என்று பயந்துகொண்டிருந்தார். முதல் ஆள் தேறாவிட்டால் இரண்டாவது ஆள் போவான் என்பதை ஜபருல்லா வீட்டில் சொல்லவேயில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், நல்லமுத்து அவனைப் பாடாங் திடலுக்கு வரச் சொன்னான். நல்ல வெயில். கடற்சுவரின் ஓரத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. நல்லமுத்து சட்டைப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, மடிப்பைப் பிரித்துக் காட்டினான். நடுவில் ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்கு ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது.

எவ்வளவு நாளாக என்று ஜபருல்லா கேட்டான். தீபாவளியிலிருந்து என்றான் நல்லமுத்து. மாதத்தில் ஒருநாள் வரும், இரண்டு நாள் வரும், அப்புறம் நின்றுவிடும். பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்ததில் ஏற்பட்ட உஷ்ணம், கப்பலில் ஒரு மாதம் கடல்காற்று பட்டால் சரியாகிவிடும், அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் உலகத்திலேயே பெரிய டாக்டர்கள் பக்கத்தில் இருப்பார்கள் என்று வரிசையாகச் சொன்னான். தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்துப் பழகியவன்போலச் சொன்னான். பிறகு, வியாழக்கிழமை காலையில் உடம்புச் சோதனை என்றான்.

ஜபருல்லாவுக்கு எதற்காக வரச்சொன்னான் என்பது அதற்குள்ளேயே புரிந்துவிட்டது.

"அந்த வெள்ளைக்கார டாக்டர் என்னைப் பாத்ததே இல்ல. உன்னையும் பாத்ததில்ல. அவருக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான். நீ போய் என் பேரைச் சொல்லி நில்லு."

ஜபருல்லா கடலைப் பார்த்தான். எதிரே பிராய்க் கரைக்குப் போகிற தொங்காங் படகு ஒன்று சுமை தாளாமல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது.

"நான் விழுந்தா நீ போவேன்னு எனக்குத் தெரியும்" என்றான் நல்லமுத்து. "தெரிஞ்சுதான் உன்கிட்ட கேக்கறேன். வேற யார்கிட்ட கேக்க முடியும்?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஜபருல்லாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை. உனக்கு வந்திருப்பது உஷ்ணம் இல்லை, எலும்புருக்கி, குளிரில் செத்துப்போவாய் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதைச் சொல்கிறவன் யார்? இவன் விழுந்தால் கப்பலேறப் போகிறவன். எவ்வளவு நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் அந்த வார்த்தை அவன் வாயில் அழுக்காகத்தான் வரும். நாளைக்கு இவன் இடத்தில் தான் கப்பலேறினால், வண்ணான் துறையில் வடிவம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? சூலியா தெருவில் நாலு பேர் என்ன பேசுவார்கள்? தன் நெஞ்சே தன்னை என்ன சொல்லும்?

"சரி" என்றான்.

நல்லமுத்து அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் உள்ளங்கை காய்ச்சலாகச் சுட்டது.

வியாழக்கிழமை நல்லமுத்துவின் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ஜபருல்லா போனான். அவன் நல்லமுத்துவைவிட ஆறங்குலம் உயரம். கோட்டுக்கை மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது. வடக்குக் கடற்கரைச் சாலையில் டாக்டரின் பங்களா. வராந்தாவில் காத்திருந்தபோது, யாராவது தெரிந்தவர்கள் வந்துவிடக் கூடாது என்று ஒருபக்கம் வேண்டிக்கொண்டான். யாராவது வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டால் நல்லது என்றும் தோன்றியது.

டாக்டருக்கு வயதாகியிருந்தது. மரியாதையாகத்தான் நடத்தினார். பெயரைக் கேட்டார்.

"நல்லமுத்து, சன் ஆஃப் அய்யாக்கண்ணு."

இறந்துபோன மனிதரின் பெயரைத் தன் தகப்பன் பெயராகச் சொல்லியாகிவிட்டது. டாக்டர் உயரம் அளந்தார், எடை பார்த்தார், கண்ணையும் பல்லையும் பார்த்தார். பிறகு உடுப்பு முழுவதையும் களையச் சொன்னார். அப்போதுதான் ஜபருல்லாவுக்கு உறைத்தது. நல்லமுத்து என்று பெயருள்ளவனுக்குச் சுன்னத் நடந்திருக்காது. அதை இரண்டு பேரும் யோசிக்கவேயில்லை. இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும் வித்தியாசம் அது. டாக்டர் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை மையில் தோய்த்துக் காகிதத்தில் எழுதிக்கொண்டே போனார்.

கடைசியாகக் குழாயை நெஞ்சில் வைத்தார். முன்னால், பின்னால், விலாவில். இழுத்து மூச்சுவிடச் சொன்னார். விரலால் தட்டிக் கேட்டார். ஜபருல்லா ஆழமாக இழுத்து விட்டான். ஒரு தடங்கல் இல்லாமல் காற்று போய்வந்தது. டாக்டர் சிரித்துவிட்டு, நீந்துவாயா என்று கேட்டார். ஆமாம் என்றான். இது உண்மை. இவ்வளவு நல்ல நெஞ்சை நான் இந்த ஊரில் அடிக்கடி பார்ப்பதில்லை, அங்கே குளிர் உன்னை ஒன்றும் செய்யாது என்றார் டாக்டர்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, சாலையோர அங்சானா மரத்தடியில் ஜபருல்லா வெகுநேரம் நின்றான். போகத் தகுந்த உடம்பு என்று சொல்லிவிட்டார்கள். அது அவன் உடம்பு. போகப்போவது வேறு உடம்பு.

அத்தோடு முடிந்திருந்தால்கூட ஒருமாதிரி. ஜூலை மாதம் வடிவம்மாள் கடைக்கே வந்துவிட்டாள். தலையில் மூட்டை இல்லாமல் அவள் சூலியா தெருப் பக்கம் வருவது அதுதான் முதல் தடவை. மகனுடைய தலையணை உறையில் ரத்தக் கறை பார்த்ததாகச் சொன்னாள். கேட்டால் பல்லில் ரத்தம் என்கிறானாம். சித்த வைத்தியரிடம் போகலாம் என்றால் வரமாட்டேன் என்கிறானாம். வெள்ளைக்கார டாக்டர் கொடுத்த காகிதத்தை எடுத்துக் காட்டுகிறானாம். முந்தானையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். நகல்தான். அசல் உபகாரச் சம்பளக் கமிட்டியிடம் இருந்தது.

"நான் எழுத்து தெரியாதவ. அவன் சொல்றது ஒண்ணு, என் கண்ணு சொல்றது ஒண்ணா இருக்கு. நீ வாசிச்சுக் காட்டு தம்பி. நீ பொய் சொல்லமாட்டே."

ஜபருல்லா காகிதத்தை வாங்கினான். உள்ளே வாப்பா யாரோடோ பேரம் பேசிக்கொண்டிருந்தார். தெருவில் மாட்டுவண்டிகள் போய்க்கொண்டிருந்தன. உண்மையைச் சொல்வதற்கு இதைவிட நல்ல வேளை இனி வராது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனால் நல்லமுத்துவிற்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கப்பலில் இடமும் எழுதியாகிவிட்டது. ஊர் மாலை போட்டாகிவிட்டது. அவன் ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னான். கண் நன்றாக இருக்கிறது. இருதயம் நன்றாக இருக்கிறது.

"நெஞ்சு?" என்றாள் வடிவம்மாள்.

"நெஞ்சு சுத்தமா இருக்குன்னு போட்டிருக்காரும்மா. ரொம்ப நல்ல நெஞ்சாம்."

அவள் பெரிதாக மூச்சுவிட்டாள். முகம் தெளிந்துவிட்டது. நான்தான் பைத்தியக்காரி, பெரிய டாக்டரைவிட எனக்கா தெரிந்துவிடப் போகிறது என்று சொல்லிக்கொண்டு, காகிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஆகஸ்டில் கப்பல் புறப்பட்டது. துறைமுகத்தில் நாதஸ்வரம் வாசித்தார்கள். நல்லமுத்து மெலிந்திருந்தான். புதுக் கோட்டும் தொப்பியும் அதை மறைத்தன. படியேறுமுன் ஜபருல்லாவின் காதருகில் குனிந்து, அடுத்த தடவை நீ வந்துவிடு என்றான். அடுத்த தடவை வரும்போது தனக்கு இருபது தாண்டியிருக்கும் என்பதை ஜபருல்லா ஞாபகப்படுத்தவில்லை.

அதே வருஷக் கடைசியில் ஜபருல்லா, கடையில் மனம் ஒட்டாமல், ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தான். பிரயாணிகளின் பெயர்ப் பட்டியல் எழுதுவது வேலை. சீமைக்குப் படிக்கப் போகிற பிள்ளைகளின் பெயர்களையும் அவனேதான் எழுதினான்.

நல்லமுத்துவின் கடிதங்கள் கடை விலாசத்துக்கு வரும். ஒவ்வொரு உறையிலும் இரண்டு தாள்கள் இருக்கும். தமிழில் இருப்பது அம்மாவுக்கு வாசித்துக் காட்ட. இங்கிலீஷில் இருப்பது ஜபருல்லாவுக்கு. அம்மாவுக்கு எழுதியதில் பனி வெள்ளாவியில் வெளுத்த துணிபோல இருக்கிறது என்றும், பெரிய பெரிய புரொபசர்மார் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்றும், ஆட்டிறைச்சியும் பாலும் சாப்பிட்டுச் சதை போட்டுவிட்டேன் என்றும் இருக்கும். வடிவம்மாள் துவைகல்லில் உட்கார்ந்து கேட்பாள். சில வரிகளைத் திரும்ப வாசிக்கச் சொல்வாள்.

மற்றத் தாளில் வேறு இருந்தது. நாலு வீடுகளில் கதவைத் திறந்து முகத்தைப் பார்த்துவிட்டு அறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஐந்தாவதாகக் கிடைத்தது தரைக்குக் கீழே இருக்கிற அறை. சுவரில் ஈரம் வழிகிறது. கணப்பு மூட்டினாலும் விடிவதற்குள் அணைந்துவிடுகிறது. வகுப்பில் பேசுவார்கள், வெளியே பார்த்தால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள். பிப்ரவரியில் எழுதினான்: பிணம் அறுக்கிற கூடத்தில் வைத்து ரத்தம் வந்துவிட்டது. சில்லுமூக்கு உடைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். இங்கே ஒரு டாக்டரிடம் காட்டினால் அடுத்த நாளே கமிட்டிக்குத் தெரிந்துவிடும். சம்பளம் நின்றுவிடும். பினாங்கிற்கு எந்த முகத்தோடு திரும்பி வருவேன்?

திரும்பி வந்துவிடு, வந்தால் போதும் என்று ஜபருல்லா ஒரு கடிதம் எழுதினான். அதைத் திரும்பப் படித்தபோது பொறாமைக்காரன் எழுதினது போலத் தெரிந்தது. கிழித்துவிட்டான். ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதினான். அதையும் கிழித்தான். கடைசியில் போனது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரியும் மற்றபடி ஊர்ச் செய்தியும் இருந்த கடிதம்.

அந்தக் கிழித்த கடிதங்களைப் பற்றி அவன் பிற்பாடு நினைக்காத நாள் இல்லை. முதல் தடவை சம்மதித்தது வாலிப புத்தி என்று மன்னித்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. இது தெரிந்து செய்தது.

அடுத்த குளிர்காலம் நல்லமுத்து தெருவில் விழுந்தான். மலைப்பக்கம் ஒரு சயரோக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே சன்னலையெல்லாம் திறந்து வைத்துக் கட்டிலில் படுக்கப் போடுவதுதான் வைத்தியம். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து யாரோ ஒரு நர்ஸுடையது. அம்மாவிடம் பரீட்சை மும்முரத்தில் இருக்கிறேன் என்று சொல்லு என்றிருந்தது. 1929 பிப்ரவரியில் கமிட்டிக்குத் தந்தி வந்தது. கமிட்டியிலிருந்து ஒரு பியூன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். பள்ளிக்கூடத்திலிருந்து ஜபருல்லாவின் ஆபீஸுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தத் தாய்க்குச் சொல்ல வேறு யாரும் இல்லை என்றார்கள்.

அவன் போனபோது வடிவம்மாள் வேட்டிகளை நீலத்தில் முக்கிக்கொண்டிருந்தாள். கையில் கடிதம் இல்லாமல் அவன் வந்ததைப் பார்த்தாள். அவன் சொல்லி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் வேட்டியைத் தண்ணீருக்குள்ளேயே அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு துறையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஓடி வந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். உடம்பு அங்கேயே புதைக்கப்பட்டுவிட்டது. ஒருபிடி மண்கூட வரவில்லை. ஜபருல்லா அன்றைக்கும் நடந்த உண்மையைச் சொல்லவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து ஒரு மகன் செய்கிற வேலையெல்லாம் செய்தான். ஒரு முஸ்லிம் பையனுக்கு இவ்வளவு பாசமா என்று துறையில் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்கு எங்கேயாவது ஓடிவிடலாம்போல் இருந்தது.

கமிட்டி ஒரு குறிப்பு எழுதியது. ஆங்கிலப் பத்திரிகையிலும் அது வந்தது. இரும்பு போன்ற உடம்போடு போன பையன், தேர்ந்த டாக்டர் ஒருவர் சோதித்து அனுப்பியவன், ஒன்றரை வருஷத்தில் இறந்துபோனான்; ஆகவே தென்னிந்தியர்களின் உடம்புவாகு வடதேசத்துக் குளிரைத் தாங்காது என்று தெரிகிறது, இனிமேல் இதை மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஜபருல்லா அதைப் பத்துத் தடவை படித்தான். அந்த இரும்பு உடம்பு இங்கே உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருக்கிறது.

யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று இரண்டு வருஷம் காத்திருந்தான். யாரும் கேட்கவில்லை. 1929இல் தமிழன் யாரும் முதலில் வரவில்லை. 1931 பரீட்சையில் அப்துல் அஜீஸ் என்ற தமிழ்ப் பையன் முதலாவதாக வந்தான். பினாங் ஸ்திரீட்டில் தொப்பி தைக்கிறவரின் மகன். உதைபந்து ஆடுகிறவன். ஒரு நோயில்லை. உடம்புச் சோதனைக்கே அவனைக் கூப்பிடவில்லை. காலநிலை ஒத்துக்கொள்ளாது என்று நாலு வரியில் கடிதம் அனுப்பிவிட்டு, இரண்டாவதாக வந்த பையனை எடுத்துக்கொண்டார்கள். அஜீஸின் வாப்பா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு, இங்கிலீஷ் தெரிந்தவன் என்று ஜபருல்லாவிடம் வந்தார். என் மகனுக்கு என்ன வியாதி என்று எழுதியிருக்கிறார்கள் தம்பி, வாசித்துச் சொல்லுங்கள் என்றார். தம்பி என்றபோது வடிவம்மாளின் குரல் ஞாபகம் வந்தது. வியாதி எதுவும் எழுதவில்லை என்று மட்டும் ஜபருல்லா வாசித்துச் சொன்னான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கப்பித்தான் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு நேரே வண்ணான் துறைக்குப் போனான். வடிவம்மாள் தனியாகப் போர்வைகளைப் பிழிந்து கொண்டிருந்தாள். முறுக்கிப் பிழிய ஒரு முனையை வழக்கம்போல அவன் பிடித்துக்கொண்டான். கையில் அதைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னான். பாடாங்கில் கைக்குட்டை காட்டியதிலிருந்து கிழித்த கடிதங்கள் வரைக்கும். அஜீஸ் பற்றியும் சொன்னான். கமிட்டியிடம் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன், அதற்கு முன்னால் உங்களிடம் சொல்லவேண்டும் என்று வந்தேன் என்றான்.

அவள் முறுக்குவதை நிறுத்தவில்லை. தண்ணீர் சொட்டி ஓய்ந்த பிறகுதான் பேசினாள்.

"அந்தக் காகிதத்த நீதானே எனக்கு வாசிச்சே?"

"ஆமாம்மா."

"கறைய நான் பாத்தேன். நாப்பது வருஷமா ஊரார் அழுக்க வெளுக்கிறவ. பல்லு ரத்தம் எது, நெஞ்சு ரத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் உன்கிட்ட வந்தேன். நீ சொன்னதும் என் கண்ண நான் நம்பல. உன் வாயத்தான் நம்பினேன்."

அவள் தன் முனையைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"நீ முடியாதுன்னு சொல்லியிருந்தா அவன் உன்மேல கோவிச்சிருப்பான். கோவிச்சுக்கிட்டு இங்கேயே இருந்திருப்பான். இருமிக்கிட்டாவது என் கண்ணு முன்னால இருந்திருப்பான். நீ போயிருப்பே. உன்னை நாலு பேரு ஏசியிருப்பாங்க. அந்த ஏச்சுக்குப் பயந்துதானே என் புள்ளைய அனுப்பிவச்சே?"

 இத்தனை வருஷமாக ஜபருல்லா தனக்குள் சுற்றிச் சுற்றி வந்து தொடாமல் விட்ட இடத்தை அவள் ஒரே பேச்சில் தொட்டுவிட்டாள்.

கமிட்டியிடம் போகட்டுமா என்று கேட்டான். அது உன் பாடு என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோர்ந்துபோய்ச் சொன்னாள். அவன் கையிலிருந்த போர்வை முனையை வாங்கிக்கொண்டாள்.

"இனிமே இந்தப் பக்கம் வராதே தம்பி."

திங்கட்கிழமை அவன் கமிட்டிக் காரியதரிசியைப் பார்க்கப் போனான். அவர் ஒரு வெள்ளைக்கார வக்கீல். முதலில் பொறுமையில்லாமல் கேட்டார். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழைய கட்டு ஒன்றை எடுத்துவந்து பிரித்தார். டாக்டரின் அசல் சர்டிபிகேட் அதில் இருந்தது. உயரம் ஐந்தடி ஒன்பதங்குலம். அதோடேயே கட்டப்பட்டிருந்தது சயரோக ஆஸ்பத்திரியிலிருந்து நல்லமுத்துவைப் பற்றி வந்த தாள். உயரம் ஐந்தடி மூன்றங்குலம். இரண்டும் இரண்டு வருஷமாக ஒரே கட்டுக்குள், ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. யாரும் சேர்த்துப் படித்துப் பார்க்கவில்லை. காரியதரிசி இரண்டையும் பார்த்தார். ஜபருல்லாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கட்டைத் திரும்பக் கட்டினார்.

அந்த டாக்டர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார், நல்ல பெயரெடுத்த மனிதர் என்றார். இறந்தவனும் இறந்துவிட்டான். நீ சொல்வதை எழுத்தில் கொடுத்தால் ஆள்மாறாட்டம் என்று உன்னைக் கோர்ட்டில் நிறுத்தவேண்டியிருக்கும், அதனால் யாருக்கும் லாபமில்லை என்றார். நான் எழுதிக்கொடுக்கத் தயார் என்றான் ஜபருல்லா. ஆனால் அஜீஸை அனுப்பவேண்டும் என்றான்.

"ஒரு தமிழனின் நெஞ்சு கெட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்" என்றார் காரியதரிசி. "இரண்டு தமிழர்களின் நேர்மை கெட்டது என்று நீ நிரூபிக்கிறாய். இது அந்தப் பையனுக்கு உதவும் என்றா நினைக்கிறாய்?"

ஜபருல்லா எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் வந்தான். பதில் வரவில்லை. போலீசும் வரவில்லை. செப்டம்பரில் இரண்டாவதாக வந்த பையன் கப்பலேறினான். அவன் பெயரைப் பட்டியலில் ஜபருல்லாதான் எழுதினான். அப்துல் அஜீஸ் பிராயில் ரயில்வே கூட்ஷெட்டில் எடைக்குறிப்பு எழுதும் வேலைக்குப் போனான். விஷயம் எப்படியோ கசிந்து தெருவில் பரவியது. அஜீஸின் வாப்பா அதன் பிறகு அவனோடு பேசவில்லை. ஷேக் அலாவுதீன் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நீ போயிருக்கலாமா? போயிருக்கலாம் வாப்பா என்றான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கடைக் கணக்கை எடுத்து விரித்தார்.

1933இல் அடுத்த பரீட்சைக்கான அறிவிப்பு பத்திரிகையில் வந்தது. ஆபீஸ் மேசையில் வைத்து ஜபருல்லா அதைப் படித்தான். விதிகள் எல்லாம் பழையபடியே இருந்தன. நல்லமுத்து இறந்த பிறகு சேர்த்த, தென்னிந்தியர் பற்றிய வாசகமும் அப்படியே இருந்தது. புதிதாக ஒரு விதி மட்டும் சேர்த்திருந்தார்கள்: உடம்புச் சோதனைக்கு வருகிறவர் தன் புகைப்படத்தோடு, தலைமை ஆசிரியரின் கையொப்பம் பெற்று வரவேண்டும். அவன் எழுதிக்கொடுத்ததை அவர்கள் நம்பியிருந்தார்கள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மத்தியானம் புறப்படவிருந்த ரங்கூன் கப்பலின் பட்டியலை எடுத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினான்.